ஒரு ஜெபம் தண்ணீர்

நான் வேதக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாராவது வந்து, "அஞ்சலை எப்போது மதம் மாறினாள்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. தோட்டத்தில் கிறிஸ்தவர்களை நாங்கள் வேதக்காரர் என்றுதான் சொல்வோம். நான் மாரியம்மன் கோயில் ஆள். திருவிழாவுக்கு மஞ்சள் துணி கட்டித் தீச்சட்டி எடுத்தவள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். ஆனால் கை கழுவும்போது மட்டும் என் வாயில் வருவது வேதக்காரர்களின் ஜெபம்தான்.

கடைசிக் காலத்தில் சிரம்பானுக்குப் பக்கத்தில் ராசா என்கிற ஊரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்தேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கை கழுவும் தொட்டிக்கு மேலே பெரிய கடிகாரம் ஒன்றை மாட்டினார்கள். இனிமேல் எல்லாரும் முள்ளைப் பார்த்துத்தான் கை கழுவ வேண்டுமாம். நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூட இருந்த நர்ஸ் மேரிக்கு அது பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, ஒங்களுக்குக் கடிகாரம் வேணாமா? வாய் மட்டும் முணுமுணுன்னு ஓடுது. என்னா சொல்றீங்க?"

"பரமண்டல ஜெபம்."

"ஆன்ட்டி கிறிஸ்டியனா? சொல்லவே இல்லையேலா!"

அவள் கோயில் இளைஞர்கள் ஏதோ மலர் போடுகிறார்களாம். உண்மையான விசுவாசி என்பவர் யார் என்று ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டுமாம். நீங்களும் எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற சங்கதியா இது? போடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். அவரையும் அப்போது எல்லாரும் விசுவாசம் கெட்டுப்போனவர் என்றுதான் சொன்னார்கள்.

லிங்கிப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால் வெட்டு பாதி நின்று, எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த காலம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த ஆயா ஊரைப் பார்க்கப் போய்விட்டாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். அப்புறம் பழகிவிட்டது.

என் மேலதிகாரி டிரஸர் ஞானப்பிரகாசம் ஐயா. டிரஸர் என்றால் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர். நெட்டையான மனுஷர், மனைவியை இழந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அப்போதுதான் நான் இரண்டடி தள்ளிப்போய் நிற்பேன். சவரிமுத்து என்று ஒரே மகன். புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற வேலை. சிரித்த முகம். சவரி, சவரி என்று எல்லா லயத்து வீட்டுப் பிள்ளைகளும் அவன் பின்னால் திரியும்.

ஐயாவிடம் மருந்து என்று பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா எப்போதோ தீர்ந்துவிட்டது. பழைய சேலையைக் கிழித்துக் கொதிக்க வைத்தால் அதுதான் கட்டுத்துணி. உப்பும் பப்பாளியும் வாழையிலையும்தான் மருந்து. "நம்மகிட்ட மிச்சம் இருக்கிற ஒரே மருந்து சுத்தமான கைதான் பிள்ள" என்பார். அதனால் கை கழுவுவதில் அவர் ஒரு பிசகும் விடமாட்டார்.

முறை இதுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். பித்தளைச் சொம்பில் கழுத்து வரை எடுக்க வேண்டும். அவர் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, சாம்பலும் தேங்காயெண்ணெயும் காய்ச்சிச் செய்த சவுக்காரத்தைப் போட்டு, நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று தேய்ப்பார். நான் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். அவருடைய கைக்கடிகாரத்தை ஒரு ஜப்பான் சிப்பாய் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதனால் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்து, முடிகிற வரைக்கும் கழுவுவார். சொம்புத் தண்ணீரும் சரியாக அப்போது தீரும். "பாக்கிறதுக்குக் கடிகாரம் இல்ல. சொல்றதுக்கு வாய் இருக்கில்ல?" என்பார். காலையில் நான் வந்ததும் அவர் முதலில் சொல்வது, "ஒரு ஜெபம் தண்ணி எடுத்து வை." கத்தரிக்கோல் கொதிக்க மூன்று ஜெபம். ஒத்தடத்துக்கு ஐந்து ஜெபம். எங்களுக்கு நேரமே அப்படித்தான் ஆகிப்போனது.

நானும் கழுவ வேண்டுமல்லவா? அதனால் நானும் கற்றுக்கொண்டேன். முதலில் எனக்கு ஒரே குழப்பம். "பரமண்டலம்னா பரமசிவன் இருக்கிற எடமா ஐயா?" என்று கேட்டேன். அவர் சவுக்காரக் கையோடு சிரித்தார். கடைசியில் வரும் ஆமென்னை நான் ஆமாம் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபத்தை முடித்துவிட்டு, ரேஷன் கடையில் பேர் கூப்பிட்டால் சொல்வது மாதிரி, "ஆமாம்!" என்பேன். சவரி அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஐயா மட்டும், "சிரிக்காதடா, அதுவும் சரிதான். அதுக்கு அர்த்தமே கிட்டத்தட்ட அதுதான்" என்றார். அன்றிலிருந்து நான் ஆமாம் என்றே சொல்லி வந்தேன்.

அவருடைய குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் ஒரு ஜப்பான் சிப்பாய் அக்குளில் கட்டியோடு வந்தான். ஐயா கை கழுவிக்கொண்டிருந்தார். அவனுக்குப் பொறுமையில்லை. ஏதோ கத்தினான். ஐயா கழுவிக்கொண்டே இருந்தார். வந்து பளாரென்று ஓர் அறை விட்டான். ஐயா தன்னையறியாமல் கன்னத்தைத் தொட்டுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஐயா கையைப் பார்த்தார். "சே, பட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு, "அஞ்சல, இன்னொரு ஜெபம் தண்ணி" என்றார். மறுபடி முதலிலிருந்து கழுவினார். அந்தச் சிப்பாய்க்கு என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கட்டியைக் கீறும்போது ஐயா அவனிடம், வலிக்குதா வலிக்குதா என்று தமிழில் கேட்டுக்கொண்டே கீறினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இனி அந்தோணி கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி. அவரும் வேதக்காரர்தான், சொல்லப்போனால் தோட்டத்தில் அவரை விட்டால் வேதக்காரரே இல்லை என்கிற மாதிரி இருப்பார். சிரம்பானிலிருந்து பாதிரிச் சாமியார் வருவது நின்றுபோன பிறகு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பலகைக் கோயிலில் அவர்தான் ஞாயிற்றுக்கிழமை முன்னால் நின்று ஜெபம் சொல்வார். குரல் நல்ல கணீர். மண்டியிட்டால் கண்ணீர் வழியும். பெரிய வெள்ளிக்குச் சிலுவை தூக்குவதென்றால் வேறு யாரையும் விடமாட்டார். எங்கள் ஆட்களே, "வேதக்காரன்னா அந்தோணி கங்காணி மாதிரி இருக்கணும்" என்பார்கள்.

சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் ஆள் கேட்டான். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டான். சயாமைப் பற்றி அதற்குள் நாலு பேச்சு வந்துவிட்டது. யாரும் போகச் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலம் கங்காணி லயம் லயமாக வந்து, "ஆபீஸ்ல அரிசி குடுக்கறாங்க. எளவட்டப் பசங்களா பையத் தூக்கிட்டு ஓடுங்க. மொதல்ல போறவனுக்குத்தான் கெடைக்கும்" என்று கூவினார். அரிசி! நாங்கள் அரிசியைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று. என் அண்ணன் கருப்பையா சாக்குப் பையை உதறிக்கொண்டு ஓடினான். சவரியும் ஓடினான். கங்காணி மகனுக்கு மட்டும் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல்.

ஆபீசில் அரிசி இல்லை. லாரிதான் நின்றது.

லாரி ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். சத்தம் கேட்டு நானும் ஐயாவும் வாசலுக்கு ஓடி வந்தோம். துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சவரி, "அப்பா!" என்று கத்தினான். வேறு எதுவும் சொல்ல நேரமில்லை. கையிலிருந்த சாக்குப் பையைச் சுருட்டி அப்பாவைப் பார்த்து வீசினான். இல்லாத காலம் பாருங்கள், ஒரு சாக்குப் பைகூட வீணாகப் போகக் கூடாது என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஐயா லாரிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் ஓடினார். திரும்பி வரும்போது அந்தப் பையைக் குனிந்து எடுத்துக்கொண்டு வந்தார். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலையில் ஐயா வேலைக்கு வந்தார். "ஒரு ஜெபம் தண்ணி எடுத்து வை" என்றார். எடுத்து வைத்து ஊற்றினேன். ஜெபம் முடிந்தது. சொம்பில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

நான்தான் வேகம் குறைத்து ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாளும் மிச்சம். அதற்கடுத்த நாள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன். அன்றன்றைய சாப்பாட்டுக்குக் கேட்கிற வரி வந்தது. அதற்குப் பிறகு ஒரு வரி உண்டு. பிறர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மன்னிப்பதுபோல நீரும் எங்களை மன்னியும் என்று வரும். அதை ஐயா சொல்லவில்லை. அந்த இடத்தில் வாய் மூடிக்கொண்டது. தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

கோயிலிலும் அப்படித்தானாம். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அந்த வரி வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வாராம். முன்னால் நின்று ஜெபம் சொல்கிற கங்காணி அதைப் பார்த்துவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் பேச்சு பரவியது. "டிரஸருக்கு விசுவாசம் போயிருச்சி. மகன் போன துக்கத்துல சாமிகிட்டயே கோவிச்சுக்கிட்டாரு" என்று கங்காணியே வருத்தப்பட்டாராம். வருத்தமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஐயாவிடமே கேட்டேன்.

"ஐயா, நீங்க ஒரு வரிய விட்டுட்டுச் சொல்றீங்க."

"தெரியும் பிள்ள."

"ஏன் ஐயா?"

"மனுசங்கிட்டயே பொய் சொல்லக் கூடாது. ஆண்டவர்கிட்டப் போயி, நான் மன்னிக்கிறேன்னு எப்படிச் சொல்றது? அவருக்குத்தான் தெரியுமே." துவாலையில் கையைத் துடைக்காமல் காற்றில் உலர்த்திக்கொண்டே, "வர்றப்ப வரட்டும்" என்றார்.

அப்படியே காலம் ஓடியது. ஒரு நாள் ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று சேதி வந்தது. பிரிட்டிஷ்காரன் இன்னும் வந்து சேரவில்லை. கேட்பாரில்லாத நாட்கள். ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். அந்தோணி கங்காணியின் மகன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சுவா என்கிற ஊர்ப் பக்கம் ஓடிவிட்டான். அப்பனைக் கூட்டிப் போகவில்லை. ஏனென்றால் கங்காணியால் நடக்க முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு புண். சிராய்ப்பாக ஆரம்பித்து, ஆறாமல், உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. அந்தக் காலத்தில் சத்தில்லாத உடம்பில் அந்த மாதிரிப் புண் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. எலும்பைத் தொட்டால் கால் போகும். சிரம்பானுக்குக் கொண்டுபோக வண்டி இல்லாதபோது, கால் போனால் ஆளும் போன மாதிரிதான்.

எங்கள் ஆட்கள் அவரை வீட்டிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். அவர் எப்படியோ தவழ்ந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டார். பின்னாலேயே கூட்டமும் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் மாரியாயி நின்றாள். அவள் புருஷனும் அந்த லாரியில் போனவன்.

"ஐயா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன். இவனத் தொடாதீங்க. நாங்க ஒண்ணும் பண்ணல. புண்ணே இவனத் தின்னுட்டுப் போவட்டும்."

ஐயா படியில் நின்று கங்காணியைப் பார்த்தார். நாற்றம் தாங்காமல் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஐயாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. உள்ளே திரும்பி, மிகவும் தாழ்ந்த குரலில், "அஞ்சல, ஒரு ஜெபம் தண்ணி" என்றார்.

"மாட்டேன்" என்றேன். அவரிடம் அதுவரை ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "எங்கண்ணன் எங்க கெடக்கானோ. இந்தப் பாவிக்கு நான் தண்ணி ஊத்தவா? நீங்களே ஊத்திக்குங்க."

சொம்பை நங்கென்று வைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தானே தண்ணீர் எடுத்தார். சவுக்காரம் போட்டார். கழுவின கையால் சொம்பைத் தொடக் கூடாதே? இரண்டு முழங்கைக்கும் நடுவில் சொம்பை இடுக்கிக்கொண்டு சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் அவர் சட்டையில் ஊற்றியது, வேட்டியில் ஊற்றியது, தரையெல்லாம் ஓடியது, கையில் மட்டும் படவில்லை. மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே கதை. தண்ணீர் யார் இறைத்தது? நான். விறகு யார் பொறுக்கியது? நான். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்ச் சொம்பைப் பிடுங்கினேன்.

"தண்ணியெல்லாம் வீணாவுது. கையக் காட்டுங்க."

எனக்குள் அன்பும் கருணையும் சுரந்துவிட்டது என்று யாரும் எழுதிவிடாதீர்கள். தண்ணீர் வீணாகிறதே என்கிற வயிற்றெரிச்சல்தான். ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அவன மன்னிச்சிட்டீங்களா ஐயா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு இதெல்லாம்?"

"மன்னிச்ச பெறகுதான் கட்டுப் போடணும்னா, தோட்டத்துல எந்தப் புண்ணு பிள்ள ஆறும்?"

சொம்பில் அன்றும் தண்ணீர் மிச்சம் இருந்தது.

ஐயாவை மீறி உள்ளே வர யாருக்கும் மனசில்லை, கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. புண்ணுக்குப் பார்த்த முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் உப்பு போட்ட வெந்நீரில் துணியை நனைத்து ஐந்து ஜெபம் ஒத்தடம். பிறகு அழுகின சதையைக் கத்தரிக்கோல் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். கறுப்பாக இருப்பது வலிக்காது. சிவப்பைத் தொட்டால் உயிர் போகும். அந்த எல்லையில் ஐயாவின் கை அவ்வளவு மெதுவாகப் போகும். ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொட்டு நான் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கொஞ்சம் வலிக்கட்டுமே, ஒரு தடவை தொட்டால்தான் என்ன என்று எனக்கு இருந்தது. பிறகு பழுத்த பப்பாளியை மசித்து அப்பி, கொதிநீரில் வாட்டின வாழையிலையால் மூடிக் கட்ட வேண்டும். தினமும் இதே வேலை.

கங்காணி படுக்கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருப்பார். சத்தமாகத்தான். ஒரு நாள் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரஸரே, நாம ரெண்டு பேரும் வேதக்காரங்க. ஜப்பான்காரன் கழுத்துல கத்திய வச்சான், நான் என்னா பண்ணுவேன்? மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. என் ஆத்துமா கெடந்து தவிக்குது."

ஐயா அவர் பிடியிலிருந்து கையை மெல்ல எடுத்தார். "கை அழுக்காயிருச்சி. மறுபடி கழுவிட்டு வரேன்" என்றார். கழுவிவிட்டு வந்து, "கால நீட்டுங்க கங்காணி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. கங்காணிக்கு அது பெரிய குறை. வருகிறவர்களிடமெல்லாம், "கையில மருந்து இருக்கு, மனசுல கிறிஸ்து இல்ல" என்று சொல்லி அங்கலாய்த்தார். புண் ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வரத் தொடங்கியிருந்த நேரம் அது.

ஒரு காலை நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து யாரோ ஒரு கிழவர் கம்பு ஊன்றி வருகிற மாதிரி இருந்தது. கிட்ட வந்ததும், "பாப்பா" என்றார். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவது உலகத்தில் ஒரே ஆள்தான். கருப்பையா அண்ணன்! கன்னமெல்லாம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. அவனைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையில் ஐயா வெளியே ஓடி வந்தார். அண்ணனைப் பார்த்தார். அப்புறம் அண்ணனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். ரோடு காலியாகத்தான் கிடந்தது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து ஐயாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, சவரி வரமாட்டான் ஐயா. காலரா. கடைசி வரைக்கும் என் பக்கத்துலதான் இருந்தான். நான்தான் மண்ணத் தள்ளுனேன். எங்கப்பா அந்தப் பைய எடுத்திருப்பாரில்ல, எடுத்திருப்பாரில்லன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எடுத்திருப்பாருடான்னு சொன்னேன்."

ஐயா குனிந்து அண்ணனைத் தூக்கி உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். ஆணியில் தொங்கிய பையைக் காட்டினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் கஞ்சி காய்ச்சி, அதை அண்ணன் குடித்து முடிக்கும் வரைக்கும் அப்படியே இருந்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கங்காணியின் கட்டில். எல்லாம் கேட்டிருக்கும். அன்றைக்குத்தான் முதன்முறையாக அங்கிருந்து ஜெபமாலைச் சத்தம் வரவில்லை.

கட்டு மாற்றுகிற நேரம் தாண்டிப்போய்விட்டது. இன்று ஐயா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். எழுந்து போய்க் கங்காணியின் கழுத்தை நெரித்தாலும், தோட்டத்தில் யாரும் பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருப்போம். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஐயா எழுந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

"ஒரு ஜெபம் தண்ணி."

ஊற்றினேன். ஜெபம் மெல்ல வந்தது. சாப்பாட்டு வரி வந்தது. வழக்கமாகத் தாண்டிப் போகிற இடம். அன்றைக்குத் தாண்டவில்லை. நின்றுவிட்டார். தேய்த்த கை தேய்த்தபடி நின்றுவிட்டது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சொம்பு காலியாயிற்று. இன்னொரு சொம்பு எடுத்தேன். அதுவும் பாதிக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் குரல் வந்தது. அது ஜெபத்தில் இருக்கிற வார்த்தை இல்லை. யாரோ பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

"எனக்கு வரல. நீயே வர வை."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மிச்ச ஜெபத்தையும் சொல்லவில்லை, ஆமென்னும் சொல்லவில்லை. யாராவது முடித்து வைக்க வேண்டுமே? இல்லாவிட்டால் அந்த மனுஷர் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருப்பாரே?

"ஆமாம்" என்றேன் நான்.

அவர் தலையை ஆட்டினார். கையை உதறிக்கொண்டு உள்ளே போனார். கங்காணி அவரைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம் டிரஸரே. விட்டுருங்க. நான் செத்துப் போறேன். விட்டுருங்க" என்றார். கோயிலில் வழிகிற கண்ணீர் வேறு, அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது வேறு.

"கால நீட்டுங்க கங்காணி" என்றார் ஐயா.

அன்றைக்கும் கத்தரிக்கோல் சிவப்பைத் தொடவில்லை.

கங்காணியின் கால் தப்பியது. கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்ததும் ஒரு நாள் மகனைத் தேடிச் சுவா பக்கம் போய்விட்டார். போகும்போது ஐயாவிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஐயா வாசல் வரை வந்து, "தண்ணி படாமப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் சொம்பில் மிச்சம் இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன். தோட்டம் பழையபடி நடக்க ஆரம்பித்து, மருந்தெல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள், கஞ்சி கொட்டிக்கொண்ட ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக ஊற்றினேன். ஐயா கழுவி முடித்துக் குழந்தையிடம் போய்விட்டார். சொம்பைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அந்த அலறலில் அவர் அந்த வரியைச் சொன்னது என் காதில் விழவில்லை. ஆனால் சொம்பு பொய் சொல்லாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தையின் தாய் பயந்துபோய், "புள்ளைக்கு ஏதும் ஆயிருமா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

என் அண்ணன் திரும்பி வந்தான் என்று சொன்னேன். ஆனால் முழு ஆளாக வரவில்லை. இருமி இருமி இரண்டு தீபாவளிகூடத் தாண்டவில்லை. போன அன்று அவனுக்குக் கை கால் கழுவி விட்டது நான்தான்.

மேரிக்கு இவ்வளவும் சொன்னபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, சின்னப் பெண்தானே, விடாமல் இன்னொன்று கேட்டாள்.

"அதான் ஆன்ட்டி, நான் பாத்திருக்கேன். நீங்க கழுவறப்ப பாதியில வாய் நின்னுரும். குழாய் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். மறந்து போயிருமா?"

"மறக்கலம்மா" என்றேன். "எனக்கு அந்த எடத்துல கொஞ்சம் தண்ணி அதிகமா வேணும்."